ஒரு பைல் தாங்கியது

பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, ஊரிகத்தில் ஏரியோரம் நாங்கள் எழுப்பிய தண்ணீர்த் தொட்டி ஏரிப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. மில்லுக்கான தொட்டி; முதன்முதலாக நீர் ஏற்றிய நாள். உச்சியில் குழாய் முடுக்கிக்கொண்டிருந்த ஃபிட்டர் என் மகன் சாமுவேல். அதன் அடித்தளத்துக்குப் பைல் அடித்த ஆட்களுக்கு நான் மேஸ்திரி.

பைல் என்பது தரைக்குள் அடித்து இறக்கும் மரத்தூண். அங்கே மேலே கொட்டிய மண், அடுத்து கெட்டிச் சரளை, அதற்கும் கீழே களிமண். சரளையில் பைல் இறங்க மறுத்ததும் அடிப்பதை நிறுத்தினோம். ஒரு பைலின் தலையில் தண்டவாளத் துண்டுகளை அடுக்கி நாள்கணக்கில் பார்த்தோம், அசையவில்லை.

"ஒண்ணு நிக்குது, எல்லாம் நிக்கும்" என்றார் எங்கள் இன்ஜினியர் துரை. எங்களுக்கும் சந்தேகம் எழவில்லை.

தொட்டி சாய்ந்ததும் இரும்பு ஏணி வளைந்து, பிடி விட்டுத் தொங்கியது. கீழே உடைகல் குவியல்.

"குதிடா சாமு!" என்று ஆட்கள் கத்தினார்கள்.

"குதிக்காத! அங்கியே ஒக்காரு!" என்று நான் கத்தினேன். தொட்டியைத் தாங்கிய தூண் எதுவும் முறியவில்லை. அடித்தளம்தான் மெதுவாக இறங்கியது. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாரம் குறைந்தால் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

அடியிலிருந்த வால்வைத் திருகித் திறந்துகொண்டே என் ஆள் கோவிந்தன் திட்டினான்: "இன்னா மேஸ்திரி, பெத்த புள்ளய மேல ஒக்கார வெச்சா மண்ணு சோதிக்கிற?"

தண்ணீர் பீறிட்டது. சாய்வைப் பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி பாதி காலியானபோது சாய்வு நின்றது.

பின்னர் துரையும் நானும் குழி தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. ஒரு பைலின் பாரத்தைச் சரளையே தாங்கிவிடும். நெருக்கமாக அடித்த பைல்கள் எல்லாம் சேர்ந்து சுமக்கும்போது, அழுத்தம் சரளையைத் தாண்டிக் களிமண்ணுக்குப் போகிறது. ஏரிப் பக்கம் களிமண் அதிக ஆழம். அந்தப் பக்கமே இறங்கியது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பைல் நின்றதும் நிம்மதியடையாதீர்கள். அதற்குக் கீழே என்ன மண் என்று முதலிலேயே துளை போட்டுப் பாருங்கள்.

அன்று மூங்கில் ஏணிகளைச் சேர்த்துக் கட்டிச் சாத்தினோம். சாமுவேல் இறங்கி என் எதிரே வந்து நின்றான்.

"நின்னுடும்னு தெரியுமா நைனா?"

"பாதி தெரியும்."

"மீதி?"

"ஜெபம் பண்ணேன்."

"நல்லவேள, மேல இருக்கசொல்ல இத சொல்லல," என்றான். "குதிச்சிருப்பேன்."