சிவப்புப் புள்ளி வைத்த காசு

என் தாய்மாமா ஒரு வங்கியில் நோட்டைக் கொடுத்து மூட்டையாகக் காசு வாங்கி வருவார். நாலு நாள் கழித்து அதே காசை இன்னொரு வங்கியில் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்வார். இதில் சல்லிக்காசு லாபம் கிடையாது, ஆட்டோக் கூலிதான் நஷ்டம். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் தம்பிக்கு எல்லாம் தெளிந்துவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் பண்ணியும் வைத்தார்கள். தெளியவில்லை.

அவர் தேடியது பிழைபட்ட காசுகளை, அபூர்வமான காசுகளை. அச்சு நழுவிச் சிங்கம் ஓரமாக ஒதுங்கிப்போன ரூபாய், இரண்டு பக்கமும் ஒரே முத்திரை விழுந்த ரூபாய், ஒரு காலத்தில் அயல்நாட்டில் அடித்துக் கொண்டுவந்த பழைய ரூபாய். அப்படி ஒன்று அகப்பட்டால் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள் என்பது மாமாவின் நம்பிக்கை. ஆயிரம் காசு பார்த்தாலும் ஒன்று தேறாது. அதனால் மேலும் ஆயிரம் பார்ப்பார். சாலை என்று பெயருள்ள எங்கள் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிவிட்டு வந்து, எங்கள் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த தன் அறையில் பெட்ஷீட்டை விரித்துக் காசைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வீட்டில் கூர்மையான கண் எனக்குத்தான் என்று சொல்லி மாமா என்னையும் சேர்த்துக்கொண்டார். வருஷத்துக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத் என்று ஒரே வாரத்தில் படித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடத்தில் அந்தச் சாமர்த்தியம் கடைசிவரை வரவில்லை.

பார்த்து முடித்த காசைத் திருப்பிக் கொடுப்பதுதான் பெரிய பாடு. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு வங்கியில் காசு எண்ணும் மெஷின் வைத்திருந்தார்கள். மேலே கொட்டினால் கடகடவென்று சத்தத்தோடு உள்ளே போகும், முகப்பில் எண்கள் ஓடும், கீழே கட்டிய பையில் காசு வந்து விழும். தேய்ந்ததும் வளைந்ததும் தனித் தட்டில் வந்து நிற்கும். ஆனால் மூட்டையோடு வருகிற வளர்ந்த ஆணைக் கண்டால் அங்கே எல்லோருக்கும் முகம் கறுத்துவிடும். இரண்டு தடவை மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை மாமா என்னைச் சீருடையோடு முன்னால் அனுப்பி, தான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் உண்டியல் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மெஷின் பக்கத்தில் இருந்த மலையாளி அம்மா என் கன்னத்தைத் தட்டி, மிடுக்கி, மிடுக்கி என்று கெட்டிக்காரப் பட்டம் கொடுத்தார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சீருடைதான் சொன்னது.

அடுத்தடுத்த மாதங்களில் நான் அந்த வங்கியில் பிரசித்தமாகிவிட்டேன். இந்தச் சிறு வயதில் இவ்வளவு சேமிப்பா என்று மேனேஜர் ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார். கைநீட்டி வாங்கிக்கொண்டேன். வெட்கம் வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பெருமை வந்தது. அந்தப் பெட்டியை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

இப்படிக் காசு போவதும் வருவதுமாக இருந்ததில் ஒரு தொல்லை முளைத்தது. ஊரில் சுற்றுகிற காசு கொஞ்சம்தானே, பார்த்த காசே திரும்பவும் வந்தது. விளிம்பில் வெட்டுப்பட்ட ஒரு ரூபாய் மூன்று தடவை எங்கள் பெட்ஷீட்டில் விழுந்தது. மாமா எரிச்சலோடு சொன்னார்.

“ஏட்டி, ஒரே காச ரெண்டு தடவ பாக்குதவன் மடையன். பாத்ததுக்கு ஒரு அடையாளம் வச்சிரணும்.”

பேனா மை அழிந்துபோயிற்று. அம்மாவின் அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்பு நெயில் பாலிஷ்தான் அழியாமல் நின்றது. தீக்குச்சி முனையால் தொட்டு, ரூபாய் எண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி வைப்பது என் வேலையாயிற்று. விரல் நுனியெல்லாம் சிவப்பாகிவிடும். எத்தனை ஆயிரம் காசுக்குப் புள்ளி வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. மெஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை. எண்ணி எண்ணிப் பையில் போட்டது. வங்கியிலிருந்து அந்தக் காசு பஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் கோயில் வாசலுக்கும் போய், சுற்றிச் சுற்றிச் சாலைக்கே வந்து சேர்ந்தது.

சாலையில் அப்போது சில்லறை அக்கா என்று ஒரு பெண் இருந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். தோட்டத்தில் சம்பளம் நின்றுபோனதும் மலையிறங்கி வந்து, கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தாள். லாட்டரி விற்பவர்கள், தனியார் பஸ் கண்டக்டர்கள், கோயில் படியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று காசு மிஞ்சியவர்களிடம் நோட்டைக் கொடுத்துக் காசை வாங்கி, சில்லறைக்குத் தவிக்கிற கடைகளுக்குக் கொண்டுவருவாள். நூறு ரூபாய்க் காசுக்குக் கடைக்காரர்கள் நூற்றைந்து கொடுப்பார்கள். அந்த ஐந்துதான் அவளுடைய சோறு, வாடகை எல்லாம். என் வயதில் ஒரு மகள், மலையில் அக்காள் வீட்டில் இருந்தாள். வருகிற ஜூனில் அவளைக் கீழே கொண்டுவந்து என் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பணம் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். மலைப்பிள்ளை என்று கேலி செய்வார்களா, வாத்தியார்கள் அடிப்பார்களா என்று என்னிடம் அடிக்கடி விசாரிப்பாள். எனக்குக் காசுப் பித்து உண்டு என்று தெரிந்து, தன் பையில் கைவிட்டுத் துழாவ விடுவாள். எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வேறு ஒரு ரூபாயைப் போட்டால் போதும். அவள் மட்டும் காசைப் பார்க்கவே மாட்டாள். விரலால் தடவிக்கொண்டே ரூபாய் எது, இரண்டு ரூபாய் எது, செல்லாதது எது என்று பிரித்துப் போட்டுவிடுவாள்.

எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி ஒரு செவ்வாய்க்கிழமை தன் கல்லாவில் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிக் காசைக் கண்டார். அந்த வெள்ளிக்கிழமையே ஏணியிலிருந்து அண்டாவோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அவர் மனைவி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். எங்களவர்களில் தீராத நோய் கண்டவரின் தலையைச் சுற்றி, குங்குமம் தொட்ட காசை முச்சந்தியில் எறிவது வழக்கம். அதை எடுப்பவனை அந்தப் பீடை பிடித்துக்கொள்ளும். அந்தக் காசைக் கண்டால் தெருநாய் மாதிரி திரியும் பையன்கள்கூட ஒதுங்கிப் போவார்கள். இரண்டே நாளில் சாலை முழுக்கக் கல்லாவைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாக் கல்லாவிலும் புள்ளி இருந்தது. முச்சந்திக் காசைக் கூசாமல் பொறுக்கிக் கடைக்கு யார் கொண்டுவந்திருப்பார்கள் என்று யோசிக்க யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை. காசு கொண்டுவருகிற ஏழை ஒருத்திதானே இருந்தாள்.

கேள்விப்பட்டதும் மாடிக்கு ஓடி மாமாவிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“வாயத் தொறந்துராத. காசுல கிறுக்குததே குத்தமாக்கும். பேங்குல பெறகு நம்மள உள்ள விடமாட்டான். நாலு நாளுல எல்லாரும் மறந்துருவானுவ.”

எனக்கு அந்த மலையாளி அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மிடுக்கி என்று சொன்ன வாயால் என்ன சொல்வாரோ, பென்சில் பெட்டியைத் திருப்பிக் கேட்பார்களோ, பள்ளிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். சில்லறை அக்கா என்ன சாப்பிடுவாள் என்ற நினைப்பு எனக்கு வந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வரவில்லை.

அப்பாவுக்குப் பீடையிலும் தோஷத்திலும் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வாடிக்கையாளர்களுக்கு நம்பிக்கை உண்டே. கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று அவளிடம் தன்மையாகச் சொல்லி அனுப்பினார். மற்றவர்கள் தன்மையில்லாமல் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் எங்கள் கடைக்கு வந்தாள். நான் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து காகிதக் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பையை மேசைமேல் கவிழ்த்தாள். சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரர் மாவுக்கட்டுக் கையோடு வந்தார், பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர்.

“மொதலாளி, நான் யாரு பீடையையும் பொறுக்கல. நீங்களே பாருங்க.”

பார்த்தோம். குவியலில் அங்கங்கே சிவப்பு தெரிந்தது. ஊரெல்லாம் சுற்றுகிற காசு அவள் பையில் மட்டும் இல்லாமல் இருக்குமா? அவள் ஒரு காசை எடுத்து எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். சின்னத் தோலாக எதுவோ பெயர்ந்து வந்தது. அதை விரல் நுனியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடமும் பேசவில்லை, எதிர்க்கடைக்காரரிடமும் பேசவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“பாப்பா, நீ தெனமும் காசு பாக்குற புள்ள. நீ சொல்லு. இது முச்சந்திக் காசா?”

என் கை இரண்டும் கவர் அடுக்குக்கு அடியில் போய்விட்டன. தெரியாது அக்கா என்றேன். அவள் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதையாவது சொல்லி அந்தப் பார்வையை விலக்கினால் போதும் என்று இருந்தது.

“முச்சந்தில கெடந்த காச நான் எப்படிப் பாத்திருப்பேன்?”

கெட்டிக்காரத்தனமான பதில் என்று சொன்ன கணத்தில் எனக்கே தோன்றியது. அது எதிர்க்கடைக்காரருக்குப் போதுமானதாக இருந்தது. பிள்ளையே முச்சந்தியில் கிடந்ததுதான் என்கிறது, கேட்டோ என்று எல்லோருக்குமாகச் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பின்னே அது யார் வைத்த புள்ளி என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டேன்.

அவள் காசை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். கீழே உருண்டவற்றைக் குனிந்து எடுத்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. அப்பா மனம் பொறுக்காமல் ஒரு நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். காசை வாங்கிக்கொண்டு கொடுங்க மொதலாளி என்றாள். அப்பா தயங்கினார். அவள் நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு சாலைக்காரர்கள் ஒன்றுகூடி, இனிச் சுத்தமான காசுக்கு நேராக வங்கிக்கே போவது என்று முடிவு செய்தார்கள். கிழக்கேகோட்டை வங்கிதான் பக்கம். அங்கிருந்து மூட்டை மூட்டையாக வந்த காசில் என் புள்ளிகள் முன்னைவிட அதிகமாகவே இருந்தன. யாரும் பயப்படவில்லை. பேங்கில் வைத்த அடையாளம் என்றார் எதிர்க்கடைக்காரர், கட்டுப் பிரித்த கையால் எண்ணிக்கொண்டே. மாமா சொன்னதும் பலித்தது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். சில்லறை அக்கா சில நாள் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தாள் என்றும், பிறகு மலைக்கே போய்விட்டாள் என்றும் அப்பா சாப்பிடும்போது சொன்னார். ஜூன் வந்தது. என் வகுப்பில் சேர்ந்த புதுப்பிள்ளைகளின் ஊர்ப்பெயரை நான் கேட்கவேயில்லை.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் இப்போது பிரபலம். ஒரு பாட்டில் நெயில் பாலிஷால் சாலையையே நடுங்கவைத்ததை மாமா எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். எதிர்க்கடைக்காரர் அண்டாவோடு விழுந்ததை நடித்துக் காட்டுவார். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் எங்கள் வீட்டில் இது இப்படியே முடிந்திருக்கும். மாமாவுக்கு நாலு திட்டு, எனக்கு ஒரு குட்டு, இரவுச் சாப்பாட்டுக்குள் சிரிப்பு. எங்களுக்கு அதற்குமேல் ஒன்றும் செலவாகியிருக்காது. மாமாவின் கதையில் சில்லறை அக்கா வருவதே இல்லை. நானும் இதுவரை அவளைச் சேர்த்துச் சொன்னதில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

தெரியாமல்தான் அன்று என்னிடம் கேட்டாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். காசை விரலால் படித்தவளுக்குக் குங்குமமும் சாயமும் தெரியாமல் போகுமா? சிவந்த விரல்களோடு எத்தனை நாள் அவள் பையைத் துழாவியிருக்கிறேன். நகத்தில் அது பெயர்ந்து வந்தபோதே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். இது உங்கள் மகள் வேலை என்று நாலு பேர் நடுவில் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நானே சொல்லட்டும் என்று எனக்கு இடம் விட்டு, கேட்டுவிட்டு நின்றாள். நான் முதல் தடவை தெரியாது என்ற பிறகும் நின்றாள். அவ்வளவு நேரமும் எனக்காகத்தான் நின்றாள் என்பது பதினோரு வயதில் எனக்குப் புரியவில்லை. அவள் எப்போது போய்த் தொலைவாள் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.