கயிற்றில் பாடினது

ஆழ்வாப்பிள்ளைக்குத் தான் பாடுவது தன்னுடைய பாட்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கடலும் வானமும் ஒரே சாம்பலாகக் கிடக்கும் விடியலில், கரைவலைக் கயிற்றை இடுப்பில் சாய்த்து இழுக்கும்போது கண் தானாக மூடும். எங்கிருந்தோ ஓர் அடி வந்து நாக்கில் நிற்கும். அவர் அதைப் பாட, இருபது பேர் "ஏலேலோ" என்பார்கள். வலை ஒரு முழம் கரைக்கு வரும்.

பருத்தித்துறைக்குக் கிழக்கே அந்தக் கரையில், அம்பா என்னும் இந்த வலையிழுப்புப் பாட்டைப் பாடுகிறவன் கயிற்றில் நிற்கும்வரை யாரையும் கேலியாகப் பாடலாம். வலையின் சொந்தக்காரர் தியாகலிங்கம் சம்மாட்டியின் தொப்பையையும், அவர் மனைவிக்குப் பயப்படுவதையும் ஆழ்வாப்பிள்ளை பதினெட்டு வருடமாகப் பாடினார். சம்மாட்டி பூவரசின் கீழ் நின்று குலுங்கிச் சிரிப்பார். கயிற்றை விட்டபின் அதை ஒருவரும் எடுத்துக் கதைப்பதில்லை.

எழுபதாம் ஆண்டு தேர்தல் வந்தது. சம்மாட்டி குடைச் சின்னத்தின் ஆள். கயிறு இழுப்பவர்களில் பாதிப்பேர் தராசு. தேநீர்க்கடையில் இரு பகுதியும் ஆளுக்கொரு வாங்கு பிடித்துத் தனித்தனியே உட்கார்ந்தது. கயிற்றாட்களில் குடைக்கு நோட்டீஸ் ஒட்டித் திரிந்த சோமசேகரம், தராசுப் பக்கம் நின்ற சொந்த மச்சானோடே கதைப்பதை விட்டான்.

அந்த நாட்களில் ஒரு காலையில் ஆழ்வாப்பிள்ளையின் வாயில் இப்படி வந்தது:

"வெயிலுக்கு விரிச்ச குடை – ஏலேலோ
மழைக்கேன் மடங்கிப் போச்சு – ஏலேலோ
பிடிச்ச கை ஆட ஆட – ஏலேலோ
தராசும் சேர்ந்து ஆடுதடா – ஏலேலோ"

வலை கரையேறியதும் சோமசேகரம் முன்னால் வந்து நின்றான். "அண்ணை, நீங்கள் தராசெண்டு இப்பதான் விளங்குது."

"எங்களையும் நக்கலடிச்சவர், எப்பிடியடா எங்கடை ஆள்?" என்றான் தராசுக்காரன் ஒருவன்.

சம்மாட்டி அவரைத் தனியே கூப்பிட்டார். "ஆழ்வான், நாளைக்கு எங்கடை வேட்பாளர் கரைக்கு வாறார். குடையைப் புகழ்ந்து நாலடி பாடு. இல்லாட்டி வாயைப் பொத்திக்கொண்டு இழு."

"கயிற்றிலை பாடினதைக் கயிற்றோடை விடுறதெல்லோ, சம்மாட்டியார்?"

"என்ரை தொப்பையைப் பாடு, என்ரை மனிசியைப் பாடு. அவரைத் தொடாதை."

"நாலடிதானே, பாடிப்போட்டு வாங்கோவன்," என்றாள் அன்றிரவு வீட்டில் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி கமலாவதி.

"வந்தால் பாடமாட்டனோ? வருகுதில்லையப்பா." கிணற்றடியில் நின்று எவ்வளவோ முயன்றும் வாளித் தண்ணீரின் சத்தம்தான் காதுக்குள் கேட்டது.

மறுநாள் வேட்பாளர் மாலையும் காருமாக வந்திறங்கினார். ஆழ்வாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு இழுத்தார். பாட்டில்லாமல் கைகள் தனித்தனியே இழுத்தன. வடக்குக் கயிறு முந்தியது, தெற்கு பிந்தியது. வலை சரிய, சரிந்த பக்கத்தால் மீன்கள் வெள்ளி வெள்ளியாய்க் கடலுக்குள் வழிந்தன. சம்மாட்டி தானே "ஏலேலோ" என்று கத்திப் பார்த்தார். ஒருவரும் எடுக்கவில்லை.

"ஏன் இவங்கள் பாடேல்லை?" என்று கேட்டார் வேட்பாளர்.

"பாடடா! எதையெண்டாலும் பாடு!" என்று ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினார் சம்மாட்டி.

ஆழ்வாப்பிள்ளையின் கண் மூடியது. வந்தது அந்தப் பழைய குடைப் பாட்டுத்தான். சோமசேகரம்கூட "ஏலேலோ" என்றான். அவன் யோசிக்க முன்னமே கை இழுத்துவிட்டது. வேட்பாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. வலையின் மடி மணலைத் தொட முதலே கார் போய்விட்டது.

"நாளைக்கு வராதை," என்றார் சம்மாட்டி, முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த விடியலில் போக வேறிடம் தெரியாமல், ஆழ்வாப்பிள்ளை தூரத்தே மணலில் இருந்தார். புகார் மூட்டத்துக்குள் ஆட்கள் தெரிந்தும் தெரியாமலும் அசைந்தார்கள். காற்றில் ஒரு கரகரத்த குரல் வந்தது. சோமசேகரம்!

"பாடினவன் வாய்க்குப் பூட்டு – ஏலேலோ
பூட்டினது ஆரின்ரை கை – ஏலேலோ"

பதிலுக்கு எழுந்த குரலில் குடையும் தராசும் பிரித்தறிய முடியவில்லை. வலை இன்னும் கடலுக்குள். சம்மாட்டி பாட்டை நிறுத்தச் சொன்னால் மீன் போய்விடும்.

"அடியைப் பிந்தி எடுக்கிறான்," என்று முணுமுணுத்தபடி ஆழ்வாப்பிள்ளை எழுந்து நடந்தார். கயிற்றின் தலைப்பில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருந்தார்கள். அவர் அதில் போய்ப் பிடிக்கும்வரை சம்மாட்டி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.