போடாத ஊசி

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஏழு மாத வயிறு, நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கியது. "ஃப்ளூ ஊசி போட்டிருக்கிறாரா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டு, போட்டு இரண்டு மாதமாகிறது என்றார்.

நான் போடவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கர்ப்பத்தில் அந்த ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்ல எனக்கென்ன தகுதி என்றால், தப்பு செய்தவள் என்ற தகுதிதான்.

நாங்கள் மதுரைக்காரர்கள். கணவருக்கு மத்திய அரசில் கிளார்க் வேலை. டில்லி கரோல் பாக்கில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். மெட்ரோ வந்த புதிது. என் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதற்கு முந்தின வாரம் பல்வலிக்கு ஒரு மாத்திரை விழுங்கியிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். புத்தி கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை.

அடுத்த கர்ப்பத்தில், ஐந்தாம் மாதம், குளிர் தொடங்குமுன் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார் அதே டாக்டரம்மா. செத்த கிருமியில் செய்த மருந்து, ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது, கை வலிக்கும், மிஞ்சிப்போனால் ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும் என்று விளக்கினார். கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் நுரையீரல்வரை இறங்கிவிடலாம் என்றும் சொன்னார். என் காதில் விழுந்தது 'மருந்து' என்ற ஒரு சொல்தான்.

கணவர் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி, "அண்ணே, மெதுவா" என்று ஓட்டுகிறவரிடம் இந்தியில் சொல்லிவிட்டு ஆபீஸ் போனார். கிளினிக் வாசல்வரை போனேன். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு பிளாஸ்திரி வாங்கி, வீட்டுக்கு வந்து மேல்கையில் ஒட்டிக்கொண்டேன்.

"வலிக்குதா?" என்றார் சாயங்காலம்.

"லேசா."

"நீ உக்காரு. ரசம் நான் வெக்கிறேன்."

உட்கார்ந்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அம்மாவும் சொந்தக்காரர்களும் இரண்டு நாள் ரயிலில் வந்தார்கள். பாதிப் பேருக்கு இருமல். ஊசி போட்டவள்தானே என்று யாரையும் என் பக்கத்தில் வராமல் தடுக்கவில்லை என் கணவர். மூன்றாம் நாள் எனக்குத் தொண்டை கரகரத்தது. ஆறாம் நாள் அந்த வராந்தா.

நிமோனியா (நுரையீரலில் சளியும் நீரும் கோத்துக்கொள்ளும் நோய்) என்றார்கள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிய நர்ஸ் என் வளையல்களைக் கழற்றச் சொன்னார். "பிரசவத்துக்கு முந்தி கழட்டக் கூடாதும்மா" என்று அம்மா அழுதாள். "மாஜி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார் நர்ஸ். நானே கையை நீட்டினேன். அடுக்கிய வளையலையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

கணவர் மருந்து வாங்கப் போன நேரம் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு முற்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றார். இன்றுவரை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறேன்.

எட்டாம் மாதமே பெண் பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை. மூன்று வாரம் இன்குபேட்டரில் (குறைமாதக் குழந்தையை இதமான சூட்டில் வைக்கும் பெட்டி) இருந்து பிழைத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். கணவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிடுவேன்.

மறு வருடம், கீழ்வீட்டு செல்விக்கு ஐந்தாம் மாதம். தேனிப் பெண். மாடியேறி வந்தவள், குழந்தையை மடியில் வைத்திருந்த என் கணவர் எதிரிலேயே கேட்டாள்.

"அக்கா, நீங்க ஊசி போட்டும் ஃப்ளூ வந்துருச்சுன்னு அண்ணன் சொன்னாங்க. அப்புறம் நான் எதுக்குப் போடணும்?"

"ஆமா, என்ன பிரயோஜனம்?" என்றார் கணவர்.

"ரொம்ப வலிச்சுச்சாக்கா? எந்தக் கையில போட்டீங்க?"

கையைத் தூக்கினேன். எந்தக் கை? பிளாஸ்திரி ஒட்டியது நினைவிருந்தது, எந்தக் கையில் என்பது நினைவில்லை. என் பொய் இன்னொருத்தி வயிற்றுக்குள்ளும் போகப் பார்க்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் போடலை செல்வி. வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். பொய் சொன்னேன். நீ போட்டுக்க."

அவர் குழந்தையைக் கீழே இறக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"அன்னைக்கு நான் ரசம் வெச்சேனே."

மறுநாள் செல்வியோடு நானும் போய்ப் போட்டுக்கொண்டேன். இடது கை. இரண்டு நாள் வலித்தது. அந்தக் கையாலேயே குழந்தையைத் தூக்கினேன்.

எனக்கு இப்போதெல்லாம் வருஷம் பிறப்பது சித்திரையில் அல்ல, ஐப்பசியில், ஊசி போடும் நாளில்தான். வீட்டுக்கு வந்து ரவிக்கைக் கையை உயர்த்தி, ஊசி குத்திய இடத்தை அவரிடம் காட்டுகிறேன். அவர் கேட்பதில்லை, நானாகக் காட்டுகிறேன். பார்க்கிறார். வலிக்குதா என்று கேட்பதில்லை.

ரசம் நானே வைக்கிறேன்.