மலாக்கி அறுத்த நாள்

அயர்லாந்தில், லீட்ரிமின் அந்த மேட்டில் யாரும் வானிலை அறிய போனைப் பார்ப்பதில்லை. மலாக்கியின் டிராக்டரைத்தான் பார்ப்பார்கள். இருபத்தாறு வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறவர், தப்பாகவா புல் அறுப்பார்? பக்கத்துப் பண்ணை ஃபின்டன் தினமும் வேலியோரம் நின்று, “நாளைக்கு எப்படி?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

இந்த ஜூலையில் மலாக்கியின் போனில் மூன்று வானிலை ஆப்கள் இருந்தன. இரண்டு மழை என்றன. ஒன்று மட்டும் நான்கு நாள் வெயில் என்றது; அறுத்த புல் காய அது போதும். மூன்றில் அதிகம் பொய்த்தது அதுதான் என்று அவருடைய நோட்டிலேயே இருந்தது. ஆனால் மூன்று வார மழையில் புல் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு மாடுகளுக்கு வேறு தீனி இல்லை. அறுத்தார். மதியத்துக்குள் ஃபின்டனுடையது உட்படச் சுற்றிலும் ஐந்து வயல்களில் டிராக்டர்கள் ஓடின.

மறுநாள் பிடித்த மழை விடவில்லை. நான்காம் நாள் காலை, அறுத்த புல் கறுத்து நாறிக் கிடந்தது. ஃபின்டன் வேலியோரம் வந்தான்.

“எதப் பாத்துய்யா அறுத்தீரு?”

“மூணு ஆப்ல வெயில்னு சொன்னத.”

“மத்தது?”

“மழைன்னுச்சு.”

“அதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் மாடுங்க நீச்சல் கத்துக்கிச்சு. இனிமே தின்னாம இருக்கத்தான் கத்துக்கணும்.”

மலாக்கி குனிந்து மழைமானியைப் பார்த்தார். முப்பத்தொரு மில்லிமீட்டர். எழுதிவிட்டு, அந்த வழக்கமான கேள்விக்காக நின்றார்.

ஃபின்டன் கேட்காமலே போய்விட்டான்.