அவன் இல்லாத மோட்சம்

பேரனின் ஞானஸ்நானத்தில் மெழுகுதிரிப் புகை மூக்கில் ஏறியதும் தம்பியின் நினைவு வந்தது.

எழுபதுகளில் அது நடந்தபோது எனக்கு எட்டு வயது. தூத்துக்குடியில் எங்கள் கடலோரத்து வீட்டில் தம்பி பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்குமுன்பே இறந்துபோனான். தலைமாட்டில் இதேபோல் ஒரு மெழுகுதிரி எரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சாமியார் வந்து சொன்னார்.

"ஞானஸ்நானம் வாங்காம, பிறப்போடயே வர்ற ஜென்மப் பாவத்தோட போன பிள்ளைக்கு மோட்சம் கிடையாதும்மா."

பச்சை உடம்போடு அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "கண்ணே தொறக்காத பிள்ளை என்ன பாவம் செஞ்சிச்சு, சாமி?"

"ஏளா, சாமிய எதுத்துப் பேசாத" என்று அப்பா அதட்டினார்.

"அவன் இல்லாத மோட்சத்துல எனக்கு என்ன சோலி?"

அப்பா தம்பியைக் கல்லறை மதிலுக்கு வெளியே மணலில் புதைத்தார். அம்மா சாகும்வரை கோயில் வாசலை மிதிக்கவில்லை. அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

இன்று வேறொரு சாமியார் பேரனின் ஜென்மப் பாவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.