மாட்டின் வாய்க்குள் விட்ட கை

பனம்பழம் விழும் மாதங்களில் எங்கள் தீவுகளில் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பது வழக்கம். காலையில் அவிழ்த்துவிட்ட மாடு பனைகளின் கீழே கிடக்கும் பழத்தைச் சூப்பும். சில வேளை கொட்டையோடு விழுங்கிவிடும். வாய்நீர் வடித்துக்கொண்டு மாடு கழுத்தை நீட்டினால் யாரும் யோசிப்பதில்லை. நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, மற்றக் கையைத் தொண்டைக்குள் விட்டுக் கொட்டையைத் தேடுவார்கள். அந்தக் காலத்தில் நான் மாட்டு வைத்தியக் கந்தோரில் வேலை பார்த்தேன். வெறிநாய் கடித்து விசர் பிடித்த மாடும் அப்படித்தான் வாய்நீர் வடிக்கும், அப்படித்தான் விழுங்க முடியாமல் நிற்கும் என்று ஊர்க் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் அடைத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஆவணி மாதத்தில் ஒரு பின்னேரம், சரவணையில் இருந்த தங்கை வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். படலையைத் திறக்கும்போதே தங்கையின் கணவர் மாட்டுக்கொட்டிலிலிருந்து வெளியே வந்தார். வலது கையில் முழங்கை வரை மாட்டு எச்சில்.

"வாரும் மச்சான், நல்ல நேரம் வந்தீர். சிவலைக்குக் கொட்டை அடைச்சுப்போச்சு. எட்டின மட்டும் விட்டுப் பாத்திட்டன், தட்டுப்படேல்லை."

"எத்தினை தரம் விட்டனீர்?"

"கணக்கப்பிள்ளை தொடங்கிட்டார். மூண்டு தரம். காணுமோ?"

நான் அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாக ஒரு கீறல். காலையில் ஓலை வெட்டும்போது பனைமட்டைக் கருக்குக் கிழித்ததாம். அந்தக் காயத்தின் மேலும் எச்சில் வடிந்துகொண்டிருந்தது.

"மாட்டை நாய் ஏதும் கடிச்சதோ?"

குசினி வாசலில் நின்ற தங்கைதான் பதில் சொன்னாள். "போன மாசம் ஒரு கறுத்த நாய் கொட்டிலுக்குள்ளை ஓடித் திரிஞ்சதண்ணை. இவர்தான் தடியாலை கலைச்சுவிட்டவர். கடிச்சதோ எண்டு தெரியாது. பிறகு அந்த நாயைச் சந்தியிலை ஆரோ அடிச்சுத் தாட்டுப்போட்டினமாம்."

"விசர் எண்டோ அடிச்சவை?"

"அப்பிடித்தான் கதைச்சவை."

மச்சானைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர்கள் கிணறு உவர். சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்த பால்போலக் கையில் ஒட்டியது. நல்ல தண்ணீருக்குத் தங்கை தூரத்துக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். அன்று காலை சுமந்துவந்த இரண்டு குடம் குசினிக்குள் இருந்தது. கொண்டுவரச் சொன்னேன்.

"நாளைக்குத் தேத்தண்ணிக்கும் இல்லையண்ணை."

"தேத்தண்ணியை விடு. கொண்டா."

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இரண்டையும் அந்தக் கையில் ஊற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். "கலியாணத்தண்டுகூட எனக்கு இவ்வளவு நல்ல தண்ணி வார்க்கேல்லை," என்றார் மச்சான். தங்கை சிரிக்கவில்லை. அவரும் பிறகு கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை எங்கள் மாட்டு டாக்குத்தர் வந்தார். நீள ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பின்பக்கமாகத்தான் மாட்டை அணுகினார். இடது வயிறு ஊதியிருந்தது. அதில் தடித்த ஊசியைக் குத்திக் காற்றை வெளியே விட்டார்.

"அடைப்பெண்டாலும் ஊதும், விசரெண்டாலும் ஊதலாம். இப்ப சொல்ல ஏலாது. விசரெண்டால் மாடு ஒரு கிழமைக்கு மேலை தாங்குறது கஷ்டம். செத்தால் தலையைக் கொழும்புக்கு அனுப்பிப் பாக்கவேணும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய்ப்பக்கம் போகவேண்டாம். இவரை இண்டைக்கே ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

யாழ்ப்பாணத்துக்கு பஸ் எடுத்தோம். ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றார்கள், நாளுக்கு ஒன்று. மாடு பிழைத்துவிட்டால் இடையில் நிறுத்தலாமாம். முதல் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது மச்சான் சட்டைக்கு மேலே வயிற்றைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

"உமக்கும் ஒரு விசர் இருக்கு மச்சான். எண்ணுற விசர். அதுக்கு ஊசி கண்டுபிடிக்கேல்லையோ?"

நான் சிரிக்கவில்லை. தாம்போதி வீதியில் பஸ் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். அவர் யன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வருத்தம் வந்தால் தண்ணியைக் காணப் பயம் வருமாமே?"

"ஓம்."

"இவ்வளவு தண்ணியைப் பாக்கிறன். இன்னும் பயமில்லை."

எனக்குத்தான் பயம். ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து நேரே அங்கே போய், கொட்டிலுக்கு எட்டக் கதிரை போட்டு உட்கார்ந்து மாட்டைப் பார்த்தேன். வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. அது அசை போடவும் இல்லை. மூன்றாம் ஊசி போட்ட அன்று பின்னேரம் சிவலை கழுத்தை நிலத்தோடு நீட்டி இருமியது. தலையை உதறியது. ஏதோ தொப்பென்று விழுந்தது. கிட்டப் போகவேண்டாமென்று கத்தினேன். மச்சான் கொக்கத்தடியால் அதை இழுத்தெடுத்தார். ஒரு சின்னப் பனங்கொட்டை. தும்பெல்லாம் எச்சிலில் ஊறிப் படிந்து வழவழவென்று இருந்தது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் அப்பவே சொன்னனானெல்லோ!" என்று மச்சான் கொக்கத்தடியை நிலத்தில் குத்தினார்.

"கொட்டை அடைச்ச மாட்டுக்கு விசரும் இருக்கலாம்," என்றேன்.

"உம்மடை வாயிலைதான் முதல்லை கொட்டையை அடைக்கவேணும்!"

தண்ணீர் வாளியைத் தடியால் தள்ளி வைத்தோம். சிவலை மூக்கைத் தோய்த்து, ஒரே மூச்சில் அரைவாசி குடித்தது. பிறகு மெல்லப் படுத்தது. வெகுநேரம் கழித்துக் கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை அசைந்தது. அசை போடுகிறது! விசர் மாடு இப்படி ஆறுதலாகப் படுத்திருந்து அசை போடாது. நான் எண்ணினேன். ஐம்பத்திரண்டு மெல்லல். விழுங்கியது. அடுத்த உருண்டை ஏறியது. அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

மச்சான் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"எவ்வளவு?"

"ஐம்பத்திரண்டு."

"அது நல்லதோ?"

"நல்ல மாடு அப்பிடித்தான் மெல்லும்."

"இன்னொருக்கா எண்ணும்," என்றார்.

டாக்குத்தர் சொன்ன ஒரு கிழமை முடிந்தும் சிவலை நன்றாக மேய்ந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியை நிறுத்தினார்கள். அந்த நல்ல செய்தியோடு வீடு திரும்பிய மச்சான் சட்டைகூட மாற்றவில்லை. பின்னேரம் நான் போனபோது என் கதிரையில் அவர் இருந்தார். மாட்டைப் பார்த்தபடி உதடு அசைந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன். கையைக் காட்டிப் பேசாமல் நிற்கச் சொன்னார். மாடு விழுங்கிய பிறகுதான் திரும்பினார்.

"நாப்பத்தொன்பது," என்றார்.