வயசு ஏறாத மருமகனும் ஒரு சார்ஜரும்

போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுருளியின் ஜீப்பு வருவதற்கு முன்னாலேயே அவன் குரல் வந்துவிடும். மூக்குக்கு மேல் கோபம். ஓவர்லோடு என்று கை காட்டும் போலீஸ்காரர் மேல் கோபம், கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்காமல் இறங்குகிற டூரிஸ்ட் கார் மேல் கோபம். அவன் ஜீப்பில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களில் ஒருத்தி தூக்குச்சட்டியை மறந்துவிட்டேன் என்றால் அன்றைக்கு அவள் தொலைந்தாள்.

ஆனால் அந்த ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியில், பழைய லுங்கித் துணியில் சுற்றி, உள்ளங்கை அளவில் ஒரு ஹெலிகாப்டர் இருக்கும். ரிமோட்டில் பறப்பது. காலையில் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் ஆட்களை இறக்கிவிட்டால், சாயங்காலம் திரும்ப ஏற்றுகிறவரை டிரைவர்களுக்குச் சோலி கிடையாது. மற்றவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். சுருளி ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே அடிக்கிற காற்றுக்கு அந்தக் குட்டி தாங்காது. உள்ளே, காலித் தட்டுகளுக்கு மேலே, அந்தரத்தில் ஒரே இடத்தில் அதை நிறுத்திவைக்கப் பழகியிருந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் அவனுக்கு யார் மேலும் கோபம் வராது.

இதில் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் ஊர் விடுமா? நாற்பது தாண்டிய ஆம்பளை சீட்டாட்டத்தில் சம்பளத்தை விட்டால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். பொம்மையைப் பறக்க விட்டால் சிரிப்பார்கள். சுருளி அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தான். முதல் ஹெலிகாப்டர் வாங்கப் போனபோது, செல்போன் சாமானும் பொம்மையும் விற்கும் அல்லா பிச்சை, "பிள்ளைக்கு என்ன வயசு மாப்ளே?" என்று கேட்டார். சுருளிக்கும் ராமுத்தாய்க்கும் பிள்ளை கிடையாது. "அக்கா மகனுக்கு பாய். எட்டு வயசு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

சொன்ன பொய் சும்மா இருக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு வயர்தான் வரும். சுவரில் சொருகுகிற சார்ஜரை நாம்தான் தனியாக வாங்க வேண்டும். அல்லா பிச்சை சின்னப் பயல் விளையாட்டுச் சாமான்தானே என்று கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார். ஒரு தடவை ரெண்டே நாளில் செத்துப்போகிற மட்டச் சரக்கு. அடுத்த தடவை பெரிய போனுக்கு அரை மணியில் ஏற்றுகிற வேக சார்ஜர். அதில் போட்டதும் ஹெலிகாப்டரின் பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. அப்படியே இன்னொன்றும் போனது. இப்போது மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, நீலக் கலர். அந்த மாடல் இனி வராது என்று அல்லா பிச்சையே சொல்லியிருந்தார். இதுவும் உப்பினால் அந்த ஸ்டோருக்குள் அவனுக்கு வேலை இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம், நீலத்தையும் அதன் வயரையும் மடியில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனான். உடன் ஓட்டும் டிரைவர் ராக்கையா அங்கே போனுக்கு உறை மாட்டிக்கொண்டு நின்றான். சுருளிக்கு அப்போதே எரிந்தது.

"பாய், சுவத்துல சொருகுற சார்ஜர் வேணும். மெதுவா ஏத்துறது. நல்லதாக் கொடுங்க."

"மெதுவா ஏத்துறதை இப்ப எவன் கேக்குறான்? இந்தா, புதுசு. வெரசா ஏறும்" என்று பழையபடி அதே வேக சார்ஜரை எடுத்து வைத்தார்.

"இது வேணாம் பாய். போன தடவை உப்பிருச்சு."

"உப்பினா இன்னொண்ணு வாங்கிக் கொடு. சின்னப் பய தானே." அல்லா பிச்சை சிரித்தார். "ஆமா மாப்ளே, நானும் வருசக்கணக்காப் பாக்குறேன், உன் மருமகனுக்கு அந்த எட்டு வயசு எப்பத்தான் ஒம்பதாகும்?"

உண்மையில் அக்கா மகன் ஈஸ்வர் மீசை முளைத்து மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். சுருளிக்குக் காது சுட்டது. ராக்கையா அல்லா பிச்சை பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "விடுங்க பாய். பிள்ளை ஏக்கம். அந்த ராமுத்தாய்க்குக் கொடுப்பினை இல்ல, இவன் என்ன செய்வான்?" என்றான்.

சுருளி கண்ணாடி மேசையில் ஓங்கி அடித்தான். தொங்கிய வயர்களெல்லாம் ஆடின.

"எவன்டா சொன்னது ஏக்கம்னு? எனக்குத்தான்டா வாங்குறேன்! எனக்கு! நான்தான் பறக்க விடுறேன், எனக்குப் பிடிச்சிருக்கு. இதுல எம்பொண்டாட்டி பேரை இழுத்தா பல்லைக் கழட்டிருவேன்!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பேரீச்சம்பழ வண்டிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். ராக்கையா உறையைக்கூட வாங்காமல் நழுவினான்.

அல்லா பிச்சை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த வயரைக் கொண்டா" என்றார். அதன் முனையில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். பிறகு உள்ளே போய், வெகுநேரம் எதையோ உருட்டிவிட்டு, சின்னதாக ஒரு வெள்ளைச் சார்ஜரைக் கொண்டுவந்தார். "ஒத்தை ஆம்பியர். நல்ல சரக்கு. மெதுவாத்தான் ஏறும், உப்பாது. பயலுக்குன்னு சொன்ன, நாலு நாள்ல உடைக்கிறதுக்கு எதுக்கு நல்லதுன்னு இருந்துட்டேன். இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சுருளி காசைக் கொடுத்துவிட்டுச் சார்ஜரை வாங்கிக்கொண்டு வந்தான். ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பொண்டாட்டிக்காகக் கடைத்தெருவில் சத்தம் போட்ட ஆம்பளை என்று அவனுக்கே ஒரு நினைப்பு.

வீட்டில் ராமுத்தாய் வாசலிலேயே நின்றாள். "கடையில கத்துனியாமே? பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி இப்பத்தான் சொல்லிட்டுப் போறா."

"ஆமா. உன்னைப் பேசினான், விடுவேனா?" என்றபடி உள்ளே போய்ச் சார்ஜரைச் சுவரில் சொருகி, வயரை மாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னைக்குக் கத்துனதை மொதப் பொம்மை வாங்குன அன்னைக்கே கத்தியிருந்தா என்னய்யா?" ராமுத்தாயின் குரல் எழும்பியது. அவள் இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. "குழாயடிக்குப் போனா, 'பாவம், உன் புருசன் பிள்ளைக்கு ஏங்கிப் பொம்மையா வாங்குறாராமே'ங்குறாளுக. ஒருத்தி கோயிலுக்குப் போங்குறா, ஒருத்தி டாக்டரைப் பாருங்குறா. பிள்ளைப் பேச்சை நாம ரெண்டு பேரும் என்னைக்கோ விட்டாச்சு. நீ பறக்க விடுறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. வெக்கம் உனக்கு. அதுக்காக வருசக்கணக்கா ஊர்ல மலடிப் பேச்சு வாங்கினவ நானு!"

ஊர் முழுக்க எல்லார் மேலும் கோபப்பட்ட சுருளிக்கு, அன்றைக்குக் கோபப்பட ஒரே ஆள்தான் மிச்சம் இருந்தான். அந்த ஆளை அவனால் திட்டக்கூட முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். பாய் சொன்ன மாதிரி பேட்டரி மெதுவாகத்தான் ஏறியது. சிவப்பு விளக்கு அணைகிறவரை ராமுத்தாய் நிறுத்தவில்லை. சுருளியும் எழுந்து போகவில்லை.